வாரச் செய்தி போடுகிறேன், யாருக்கும் போய்ச் சேருவதில்லை. எங்கே பிழை விடுகிறேன்?

கொழுந்து டீச்சர் | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 3 வகுப்பாசிரியர் நான். 34 பிள்ளைகள். ஒவ்வொரு ஞாயிறு இரவும் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அடுத்த வாரத்துச் செய்தியைப் போட்டுவிடுவேன். நீல நிற டிக் விழும். சிலர் கும்பிடும் கையும் போடுவார்கள். ஆனால் காரியம் நடப்பதில்லை.

போன புதன்கிழமை சிறுவர் சந்தை. கணிதத்துக்கும் சுற்றாடலுக்கும் சேர்த்துச் செய்கிற வேலை, பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா மாதிரி. 34 பேரில் 11 பேர்தான் விற்கப் பொருள் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் வெறுங்கையோடு வாங்க மட்டும் நின்றார்கள், அதிலும் பாதிப் பேரிடம் வாங்கவும் காசில்லை. ஒரு பிள்ளை மூலையில் போய் உட்கார்ந்து அழுதது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் அனுப்பிய செய்தியை அப்படியே போடுகிறேன். தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

"அன்பார்ந்த பெற்றோர்களுக்கு, எதிர்வரும் வாரம் எமது பாடசாலையில் இடம்பெறவுள்ள நிகழ்வுகள் தொடர்பில் தங்களது மேலான கவனத்திற்குக் கொண்டுவருவதாவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகை தரவுள்ளமையால் மாணவர்தம் தனிநபர் சுகாதாரம் பேணப்படுதல் வேண்டும். சுற்றாடல் சார்ந்த செயற்பாட்டிற்கென ஒவ்வொரு மாணவரும் அட்டை ஒன்று எடுத்து வருதல் வேண்டும். மேலும் புதன்கிழமை சிறுவர் சந்தை நடைபெறவுள்ளதால் விற்பனைக்குகந்த பொருட்களுடன் மாணவர்களை அனுப்பி ஒத்துழைப்பு நல்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கின்றேன். மேலும் வெள்ளிக்கிழமை முற்பகல் 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். தவறாது சமூகமளிக்கவும்."

லயத்துக்காரன் | ஞாயிறு, இரவு 9.31

டீச்சர், கோபிக்க வேண்டாம். 'தங்களது மேலான கவனத்திற்கு' வரை வந்ததும் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது, நான் பத்திரிகை வாசிக்கிற ஆள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து உங்களுக்கு வருகிற கடிதத்தின் நடை இது. அதே நடையில் நீங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எழுதுகிறீர்கள்.

சந்தைதான் வாரத்தின் பெரிய விஷயம், அது மூன்றாவதாகப் போய்க் கிடக்கிறது. 'விற்பனைக்குகந்த பொருட்கள்' என்றால் என்ன? நாலு கறிவேப்பிலைக் கொத்து போதுமா, இரண்டு பேரிக்காய் போதுமா? கடையில் வாங்கி அனுப்ப வேண்டுமோ என்று பயந்தே பாதிப் பேர் விட்டிருப்பார்கள்.

நானுஓயா நண்டு | ஞாயிறு, இரவு 9.40

அட்டை கொண்டு வரச் சொன்னீர்களே, யாரும் நிஜ அட்டையைக் கொண்டு வரவில்லையா?

கொழுந்து டீச்சர் | ஞாயிறு, இரவு 9.44

ஒருவன் கொண்டு வந்தான். யோகட் கோப்பையில். உயிரோடு, மேலே பொலித்தீன் கட்டி. "சுற்றாடல் பாடத்துக்குத்தானே டீச்சர், தாத்தா காலில் இருந்து பிடித்துக் கொடுத்தார்" என்றான். மழைக்காலத்தில் தேயிலை மலைக்குள் வாழ்கிற வீட்டில் அட்டை என்றால் காலில் ஏறுவதுதானே நினைவுக்கு வரும். இனிமேல் 'பிஸ்கட் பெட்டி மட்டை' என்றுதான் எழுதுவேன்.

குவைத் அம்மா | திங்கள், அதிகாலை 12.50

நானும் இப்படி ஒரு குழுவில் இருக்கிறேன் டீச்சர். மகன் தரம் 2, பொகவந்தலாவைப் பக்கம். மகனைப் பார்ப்பது என் அம்மா. அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் குழுவில் இருப்பது என் நம்பர். இங்கே நேரம் இலங்கையைவிட இரண்டரை மணி பின்னால். வேலை முடிந்து நான் போனைக் கையில் எடுக்கும்போது அங்கே நடுச்சாமம். அந்த நேரத்தில் அம்மாவை எழுப்ப மனம் வராது. காலையில் எடுத்தால் மகன் புறப்பட்டிருப்பான். நீங்கள் பார்க்கிற நீல டிக் என்னுடையது. வீட்டுக்கு விஷயம் தெரியாது.

ஒரு முறை 'நாளை வெள்ளை உடுப்பு' என்று வந்ததை நான் மறுநாள் மத்தியானம்தான் பார்த்தேன். மகன் மட்டும் வீட்டு உடுப்பில் நிற்கிற படத்தையும் அதே குழுவில்தான் பார்த்தேன்.

ஒரு கெட்டிக்காரத்தனம் செய்யலாம். செய்தியை எழுத்தில் போட்டுவிட்டு, அதையே உங்கள் குரலில் ஒரு நிமிடம் பேசிப் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனில் போட்டுக் காட்டினால்கூட அம்மாவுக்கு விளங்கும். டீச்சர் குரல் என்றால் மகனும் பக்கத்தில் வந்து நின்று கேட்பான்.

பசறை அப்பா | திங்கள், காலை 5.35

பிரட்டுக்கு (காலையில் பேர் போட்டு வேலை பிரிக்கிற இடத்துக்கு) போகும் முன் எழுதுகிறேன், சுருக்கமாக.

பிரச்சினை நடையில் மட்டும் இல்லை. ஞாயிறு இரவு அனுப்பினால் திங்களுக்கு என்ன வாங்க முடியும்? நாங்கள் பட்டறைப் பக்கம் வந்து கொழுந்து நிறுத்து, வீட்டுக்கு ஏறும்போது ஐந்தரை. டவுனுக்குக் கடைசி பஸ் போயிருக்கும். லயத்துக் கடையில் பிரிஸ்டல் போர்ட் கிடையாது. ஞாயிறு பகலில் சந்தைக்கு டவுனுக்கு எப்படியும் போவோம். அதற்கு முன் தெரிந்தால் அதோடு வாங்கிவிடலாம். ஆகவே செய்தி வெள்ளிக்கிழமை வர வேண்டும், ஞாயிறு இல்லை.

அடுத்தது காசு. எங்கள் தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி, அட்வான்ஸ் 25 பக்கம். 6ஆம் திகதி 300 ரூபாய் கேட்டால் யாரிடமும் இருக்காது. 12ஆம் திகதி கேட்டால் முணுமுணுத்துக்கொண்டாவது கொடுப்பார்கள். உங்கள் நாட்காட்டியில் போயா தினத்தைக் குறிப்பது மாதிரி இந்த இரண்டு திகதியையும் குறித்து வையுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை 10 மணிக் கூட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். மனைவி வந்தால் அன்றைக்கு அவளுக்குப் பேர் (நாள் கூலிப் பதிவு) இல்லை, அல்லது அரைப்பேர். 'தவறாது சமூகமளிக்கவும்' என்பது ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வா என்று சொல்வது. வராதவர்களுக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லை என்று பிறகு பேசுவதுதான் கூடுதலாக வலிக்கிறது.

கொழுந்து டீச்சர் | திங்கள், பகல் 2.15

நான் தோட்டத்தில் பிறந்தவள்தான் அண்ணே. அம்மா கொழுந்தெடுத்துப் படிக்க வைத்தார். இருந்தும் சம்பளத் திகதி எனக்கு ஞாபகம் வரவில்லை. என் சம்பளம் வருவது 20க்குப் பிறகு, அதனாலோ என்னவோ. வெட்கமாக இருக்கிறது.

கூட்டத்தைப் பின்னேரத்துக்கு மாற்ற அதிபரிடம் கேட்கிறேன். வேன், பஸ் பிடித்து ஹட்டனிலிருந்தும் கொட்டகலையிலிருந்தும் வருகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஐந்து மணிக்குக் கூட்டம் என்றால் அவர்களுக்கும் கஷ்டம். ஞாயிறு காலை சாத்தியமா?

பசறை அப்பா | திங்கள், இரவு 7.20

கோயிலும் சர்ச்சும் முடிந்து பத்தரைக்கு வைத்தால் ஆள் வரும். எங்கள் பாடசாலையில் அப்படித்தான் எஸ்.டி.எஸ் (பாடசாலை அபிவிருத்திச் சங்கம்) கூட்டம் வைக்கிறார்கள்.

ஓய்வு வாத்தியார் | திங்கள், இரவு 8.05

மகள், நான் படிப்பிக்க வந்தது 80களில். தோட்ட நிர்வாகங்களிடம் இருந்த பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்திருந்த காலம். ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு கரும்பலகை, நான் ஒருவன். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்து, பயிற்றப்பட்ட பிள்ளைகள் எங்கள் பாடசாலைகளுக்கு வரத் தொடங்கியது பிறகுதான்.

அப்போது போனும் இல்லை, நோட்டிஸ் அடிக்க மெசினும் இல்லை. செய்தி போக மூன்று வழி இருந்தது. ஒன்று பிரட்டுக்களம். கணக்குப்பிள்ளை பேர் போட்டு முடித்ததும் "வெள்ளிக்கிழமை ஸ்கூலில் ஊசி, பிள்ளையை நிறுத்தாதே" என்று ஒரே வரி சொல்வார். இரண்டாவது பிள்ளைக்காம்பரா. கைக்குழந்தையை விட வருகிற தாய்மாருக்கு அங்கிருக்கும் அம்மா சொல்லிவிடுவார். மூன்றாவது கோயில் பூசை. ஒரே செய்தி மூன்று இடத்தில் காதில் விழும், மறக்க வழியில்லை.

கவனி, பிரட்டுக்களத்தில் ஒரு வரிக்கு மேல் சொல்ல முடியாது. மழை, குளிர், எல்லோரும் மலைக்கு ஏற அவசரப்படுவார்கள். அந்த ஒரு வரி எது என்று நான் முதல் நாள் இரவே யோசித்து வைப்பேன். உன் செய்தியில் அந்த ஒரு வரி எது?

பிள்ளைக்காம்பராவுக்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். கதவில் ஒரு தாள் ஒட்ட யாரும் தடுக்கமாட்டார்கள். கேட்டுப் பார்.

ராகலை ரோஜா | திங்கள், இரவு 9.00

குழுவைப் பற்றிப் பேசுவதால் என் பொருமலையும் கொட்டுகிறேன். மகள் படிக்கிற பாடசாலையில் (பெயர் வேண்டாம்) விளையாட்டுப் போட்டிக்கு டீசேர்ட் காசு கொடுக்காதவர்களின் பெயர்ப் பட்டியலைக் குழுவில் போட்டார்கள். என் மகள் பெயர் நாலாவது. சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற குழு அது. காசு அன்று பின்னேரமே கொடுத்துவிட்டேன், ஆனால் அந்தப் பட்டியலை யாரும் அழிக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் குழுவை நான் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன். நல்ல செய்தியும் அதோடு போயிற்று.

மார்க்ஸ், காசு, பேன், எழுத்து வராத பிள்ளை, இதெல்லாம் தனியாகச் சொல்கிற விஷயம் டீச்சர்.

கொழுந்து டீச்சர் | திங்கள், இரவு 9.20

பேன் என்றதும்தான். அந்தப் 'தனிநபர் சுகாதாரம் பேணப்படுதல்' என்ற வரியில் நான் சொல்ல வந்தது பேனைத்தான். நேராகச் சொல்லத் தயங்கி அப்படி எழுதினேன்.

ராகலை ரோஜா | திங்கள், இரவு 9.26

அப்படி எழுதினால் யாருக்கு விளங்கும்! பேன் வராத வீடு எது? "இந்த வாரம் வகுப்பில் பேன் தொல்லை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஈர் சீப்பு போடுங்கள், என் தலைக்கும் போடுகிறேன்" என்று எழுதுங்கள். யார் தலை என்று சொல்லாமல் எல்லோருக்கும் சொன்னால் ஒருவரும் கோபிக்க மாட்டார்கள்.

லயத்துக்காரன் | திங்கள், இரவு 9.41

அந்த டீசேர்ட் விஷயம். இலவசக் கல்வி, இலவசப் புத்தகம், இலவசச் சீருடைத் துணி எல்லாம் இருக்கிற நாடு இது. விளையாட்டுப் போட்டியின் நிறத்துக்காக ஒரு பிள்ளை தலைகுனியக் கூடாது. எங்கள் பாடசாலையில் விளையாட்டு இல்லத்தின் நிறத்தில் ஒரு ரிபன் போதும் என்று எஸ்.டி.எஸ்ஸில் முடிவெடுத்தோம். போட்டி ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பதுளை பாதை | செவ்வாய், காலை 6.10

இதுவரை யாரும் தொடாத ஒன்று, மழை.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து போன பிறகு, பாடசாலை திறப்பது பற்றி எங்கள் குழுவில் ஒரே இரவில் நான்கு விதமான செய்தி. ஒன்று விடுமுறை என்றது, ஒன்று உண்டு என்றது, ஒன்று பழைய குரல் பதிவு, ஒன்று வேறு மாகாணத்துச் செய்தி. நல்லவேளை, யாரையும் வெளியே அனுப்பவில்லை. ஆனால் அன்றைக்குப் புரிந்தது, வாரம் முழுக்க 'குட் மோர்னிங்' பூவும் சாமி படமும் ஓடுகிற குழுவில் உயிர் காக்கிற செய்தியைத் தேடிப் பிடிக்க முடியாது.

இப்போது எங்கள் வகுப்புக்கு இரண்டு குழு. ஒன்றில் டீச்சரும் அதிபரும் மட்டும் எழுதலாம். மற்றது அரட்டைக்கு. விடுமுறை என்றால் முதல் குழுவில் அதிபர் பெயரோடு வந்தால்தான் நம்ப வேண்டும். வேறு எது வந்தாலும் நம்புவதில்லை, அனுப்புவதும் இல்லை.

மண்சரிவு எச்சரிக்கையையும் அதில் சேர்த்தோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக அறிவிக்கும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். எந்த லயத்துப் பிள்ளைகள் எந்த வழியாக வருகிறார்கள் என்று டீச்சர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் செய்தியின் அடியில் எப்போதும் இருக்கும்.

ஓய்வு வாத்தியார் | செவ்வாய், காலை 7.45

மீரியபெத்தையை மறக்க முடியுமா? 2014 அக்டோபர் 29, காலை நேரம். மலை சரிந்து லயன்களை மூடியபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். வீடு திரும்ப வீடு இல்லை. பெற்றோர் இல்லாமல் போன பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டில் வேறு யாரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டாவது நம்பர் ஒன்று, முடிந்தால் அடுத்த தோட்டத்து உறவினர் நம்பர், டீச்சர் கையில் தாளில் இருக்க வேண்டும். போனில் மட்டும் இருந்தால் கரண்ட் போனதும் அதுவும் போகும்.

நானுஓயா நண்டு | செவ்வாய், பகல் 12.30

மழைக்கு ஒரு சின்னச் சேர்க்கை. ஹட்டன், நோர்வூட் பக்கம் இப்போது தென்மேல் பருவ மழை. பிள்ளைகள் நனைந்த சப்பாத்தோடு முழு நாளும் இருக்கிறார்கள். ஒரு சோடி உலர்ந்த மேஸ் (காலுறை) பையில் வைக்கச் சொல்லி எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் ஜனவரியில் எழுத வேண்டியது ஸ்வெட்டர், அப்போது காலையில் புல்லில் உறைபனி கிடக்கும். பதுளைக்காரர்களுக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். ஒரே மலைநாடு, ஆனால் ஒரே நினைவூட்டல் எல்லோருக்கும் சரிவராது.

ஐந்தாம் வகுப்பு அம்மா | செவ்வாய், பகல் 1.50

எல்லாம் சரி, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றி ஒரு சொல்லும் இல்லையே? எங்களுக்கு வாரச் செய்தி என்றால் அது மட்டும்தான். எத்தனை மாதிரித்தாள், எந்த செமினார்...

கொழுந்து டீச்சர் | செவ்வாய், பகல் 2.30

அக்கா, என்னுடையது தரம் 3. அந்தப் பரீட்சையைத் தரம் 3 பிள்ளைகளின் செய்திக்குள் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை, கோபிக்காதீர்கள். இப்போதே இரண்டு பெற்றோர் வெட்டுப்புள்ளி கேட்கிறார்கள். பிள்ளைக்கு எட்டு வயது.

லயத்துக்காரன் | செவ்வாய், பகல் 2.52

உங்கள் வகுப்புக்கு வேண்டுமானால் அக்கா, இரண்டு விஷயம் போதும்: பரீட்சைத் திணைக்களத்தின் 1911 இலக்கம், மற்றது பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து ரியூஷனும் செமினாரும் தடை என்ற அறிவிப்பு. மிச்சத்தைப் பேச வேறு இழை இருக்கிறது, அங்கே இரவு இரண்டு மணிக்கும் ஆள் இருக்கிறார்கள்.

கொழுந்து டீச்சர் | வியாழன், இரவு 8.30

புதிதாக எழுதிப் பார்த்தேன். நாளை பின்னேரம் அனுப்பப் போகிறேன். வெட்டுங்கள்.

"தரம் 3 வீட்டாருக்கு. இந்த வாரம் முக்கியமானது: புதன்கிழமை மறுபடியும் சிறுவர் சந்தை. வீட்டில் இருப்பதில் ஏதாவது ஒன்று போதும். இரண்டு பேரிக்காய், ஒரு கட்டு கீரை, கறிவேப்பிலை, அவித்த கடலை எதுவும் சரி. காசு கொடுத்து வாங்க வேண்டாம். வாங்குகிற பிள்ளைக்கு 50 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டாம். காசில்லாவிட்டால் ஒன்றும் கொடுக்க வேண்டாம், வகுப்பில் கடதாசிக் காசு இருக்கிறது.

திங்கள்: பிஸ்கட் பெட்டி மட்டை ஒன்று.
வகுப்பில் பேன் இருக்கிறது. ஞாயிறு எல்லோரும் ஈர் சீப்பு போடுங்கள். நானும் போடுகிறேன்.
மழை. பையில் ஒரு சோடி மேஸ்.
பெற்றோர் கூட்டம் ஞாயிறு காலை 10.30. அடுத்த ஞாயிறு, இந்த ஞாயிறு இல்லை.
பாடசாலை இல்லை என்றால் அதிபர் பெயரோடு இந்தக் குழுவில் வரும். வேறு செய்தியை நம்ப வேண்டாம். அவசரத்துக்கு 117."

ஓய்வு வாத்தியார் | வியாழன், இரவு 8.50

'வீட்டாருக்கு' என்று போட்டாயே, அது நல்லது. அம்மாயியும் தாத்தாவும் அதற்குள் வருகிறார்கள். 'பெற்றோர்' என்றால் பாதி லயத்தில் ஆள் கொழும்பிலும் குவைத்திலும்.

குவைத் அம்மா | வெள்ளி, அதிகாலை 1.05

குரலிலும் போடுங்கள் டீச்சர், மறக்க வேண்டாம்.

பசறை அப்பா | வெள்ளி, காலை 5.30

'அடுத்த ஞாயிறு, இந்த ஞாயிறு இல்லை' என்று எழுதினாலும் இரண்டு பேர் இந்த ஞாயிறே வருவார்கள். திகதியைப் போடுங்கள்.

கொழுந்து டீச்சர் | அடுத்த புதன், பகல் 3.40

சந்தை முடிந்தது. 34 பேரில் 29 பேர் பொருளோடு வந்தார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல். மற்ற மூவருக்கும் முதல் நாளே கறிவேப்பிலை கட்டி வைத்திருந்தேன், அவர்களும் கடை போட்டார்கள். சிறுவர் அபிவிருத்தி நிலையத்துக் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்துத்தான் ஐந்து வீட்டில் தெரிந்ததாம். குரல் பதிவைப் பிள்ளைகள் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டார்கள். "நானும் போடுகிறேன்" என்று என் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்கள்.

பசறை அண்ணே, திகதி போட்டும் ஒரு தாத்தா போன ஞாயிறே கூட்டத்துக்கு வந்துவிட்டார். கேட்டில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போனாராம். அட்டை கொடுத்து அனுப்பிய அதே தாத்தா.

நானுஓயா நண்டு | அடுத்த புதன், பகல் 4.05

அவரிடம் பட்டன் போனா? நம்பர் எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமை அவருக்கு மட்டும் ஒரு கோல்.